எல்லவில் ஓர் அறை

பதுளை, மலையக ரயில் பாதையின் கடைசி நிலையம். தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல ஆங்கிலேயர் போட்ட அப்பாதை 1924இல் இங்கு வந்து சேர்ந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க இன்று உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். சுற்றிலும் தேயிலை; மலை மடிப்புகளில் லயங்கள்.

பணி நிமித்தம் பசறை, நமுனுகுல, தெமோதரைத் தோட்டங்களுக்கு அடிக்கடி போய்வருபவள் நான். எல்லவில் விருந்தினர் இல்லமொன்றில் அறை துப்புரவு செய்யும் தோட்டத்துச் சகோதரி ஒருவர் ஒருநாள் கேட்டார்: "மிஸ், ரெண்டு வெள்ளக்காரப் பொம்பளைங்க வந்திருக்காங்க. ஒரே கட்டில்தான் வேணும்னு முந்தியே சொல்லி வச்சிருக்காங்க. அவங்க குடும்பமா வாழ்றவங்களாம். நம்ம நாட்டுச் சட்டம் அதுக்கு விடுதா?"

தன்பாலீர்ப்புள்ளவர்களுக்கென்றே ஒழுங்கு செய்யப்படும் சுற்றுலாக்கள் உலகில் பல உண்டு. அமெரிக்காவில் 1973இல் பெண்களின் இசைத்தட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஒலிவியா, 1990 முதல் பெண்களை நேசிக்கும் பெண்களுக்கான கப்பற் பயணங்களை நடத்திவருகிறது. முதன்முறையாக ஒரு நாட்டுக்கு வருபவருக்கு அங்குள்ள சட்டமும் தெரியாது, யாரை நம்பலாம் என்பதும் தெரியாது. ஆகவே பயண முகவர் விடுதிகளிடம் முன்கூட்டியே பேசி, இரு பெண்களுக்கோ இரு ஆண்களுக்கோ ஓர் அறை தருவார்களா என்று உறுதிப்படுத்துகிறார். கேலி செய்யாத சாரதியையும் வழிகாட்டியையும் தெரிவு செய்கிறார். பொது இடத்தில் எப்படி நடப்பது என்று அறிவுறுத்துகிறார். பார்க்கப்போவதோ எல்லோரும் பார்க்கும் அதே பாலம், துன்ஹிந்த நீர்வீழ்ச்சி, ஹப்புத்தளை லிப்டன் சீட். அவர்கள் கூடுதலாக வாங்குவது ஒன்றைத்தான்: "நீ யார்?" என்று வாசலில் கேட்கப்படாத நிம்மதி.

அக்கேள்வியின் கனம் நமக்குத் தெரியாததல்ல. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி நகரை விட்டு வெளியேற்றினார்கள். அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. காசு கொடுத்துத் தங்கிய அறையும் தனதில்லை என்று ஆவது எப்படி என்பதை அன்று அவர்கள் அனுபவித்தார்கள்.

சகோதரியின் கேள்விக்குப் பதில்: சட்டம் விடுவதில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ பிரிவுகள் இதைக் குற்றமாக்குகின்றன. 365அ முன்பு ஆண்களை மட்டுமே குறித்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் பெண்களும் அதற்குள் வந்தார்கள். இது பெண்களின் உரிமையை மீறுவதாக 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு முடிவு சொன்னது. இக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என 2023 மே மாதம் நமது உயர் நீதிமன்றமும் தீர்மானித்தது. ஆயினும் சட்டம் மாறவில்லை. இதற்கிடையில் 2025 செப்டெம்பரில், இத்தகைய பயணிகளை வரவேற்கும் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பின் திட்டத்துக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை ஆதரவுக் கடிதம் கொடுத்தது. சமயத் தலைவர்கள் எதிர்த்தார்கள்.

வருகின்றவர்கள் வரட்டும், அவர்களால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் இந்த வரவேற்பு யாருக்கு என்பதே என் கேள்வி. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். வெளிநாட்டவரின் கையில் திரும்பிப் போகும் டிக்கட் இருக்கிறது. நம் பிள்ளைக்கு இருப்பதோ பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா. ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும் அந்த இடத்தில் அவள் எதைத்தான் மறைப்பாள்? தோழியுடன் நெருக்கமாக இருக்கிறாள் என்று ஊர் பேசத் தொடங்கினால், அவசரக் கல்யாணம், இல்லையேல் கொழும்பில் வேலை என்று அவளை அனுப்பிவிடுகிறோம். அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்பதில்லை.

விடுதி ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம் மிக எளியது: துருவிக் கேட்காதே, சிரிக்காதே, பிறரிடம் சொல்லாதே. வெளிநாட்டு விருந்தாளிக்காக அதைக் கற்றுக்கொள்ள முடிந்தால், நம் மாதர் சங்கத்திலும் அடுப்படியிலும் கற்றுக்கொள்ள முடியாதா? சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் வேண்டும். இதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. உங்களிடம் அப்படியொரு பிள்ளை மனம்விட்டுப் பேச வந்தால், முதலில் உட்காரச் சொல்லுங்கள். ஒரு கோப்பை தேநீர் கொடுங்கள். அவள் சொல்வதைக் கேளுங்கள், சகோதரிகளே.