டிசம்பர் 28-க்கான மன்றாட்டு: சில குறிப்புகள்

டிசம்பர் 28, மாசில்லாக் குழந்தைகள் விழா. குடில் இன்னும் கலைக்கப்பட்டிருக்காது. அதன் முன்னால் நின்றுதான், ஏரோது கொன்ற பெத்லகேம் பிள்ளைகளை நினைக்கிறோம். மத்தேயு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் எனக்கு ஒவ்வொரு வருடமும் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. யோசேப்புக்குக் கனவில் எச்சரிக்கை கிடைத்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குக் கிளம்பினார். அடுத்த வீட்டுத் தகப்பனுக்கு அப்படி ஒரு கனவு வரவில்லை. தப்பிய பிள்ளையையும் தப்பாத பிள்ளைகளையும் மத்தேயு ஒரே அதிகாரத்தில் வைத்திருக்கிறார். தப்பியதற்கு நன்றி சொல்லிவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட நமக்கு உரிமை கிடையாது.

*

சேலம் மறைமாவட்டப் பேராலயம் குழந்தை இயேசுவின் பெயரில் இருக்கிறது. எங்கள் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். கிரீடமும் பட்டாடையுமாகச் சுரூபத்தைப் பார்த்துப் பழகிவிட்டோம். கொலைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிய பிள்ளை அது என்பது மெழுகுவர்த்தி ஏற்றும்போது நினைவுக்கு வருவதில்லை.

*

“உலகெங்கும் துன்புறும் குழந்தைகளுக்காக” என்று மன்றாட்டில் ஒரு வரி எழுதி முடித்துவிடலாம். அப்படித்தான் பல வருடமாக எழுதுகிறோம். உலகெங்கும் என்று சொன்னதும் எந்த முகமும் தெரிவதில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலேயே தொடங்கலாமே. லீ பஜாரில் லாரி நிற்கும் இடங்களில் இப்போது இந்தியும் ஒடியாவும் காதில் விழுகின்றன. தன்பாத்–ஆலப்புழை ரயில் சேலம் ஜங்ஷனில் நிற்கும்போது, ஜார்க்கண்டிலிருந்து வரும் குடும்பங்கள் மூட்டையோடும் கைப்பிள்ளையோடும் இறங்குகின்றன. அப்பா அம்மா வேலைக்குப் போனபின் அந்தப் பிள்ளை பகலெல்லாம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று, கொலுசு. வெள்ளி வேலை வீட்டுக்குள்ளேயே நடக்கும் ஊர் இது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்று 2016-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கூடவே, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். எந்தப் பிள்ளை உதவுகிறது, எந்தப் பிள்ளை உழைக்கிறது என்று வாசலில் நின்று யார் பார்ப்பது? நம் பங்கிலும் பட்டறைக்காரர்கள் இருக்கலாம். மன்றாட்டு அவர்கள் காதிலும் விழட்டும்.

*

2015 ஏப்ரல் 7. ஈஸ்டர் முடிந்து இரண்டு நாள். சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்துக்கொண்டுபோய்ச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலைக்காரர்கள். நமக்குப் பக்கத்துச் சித்தேரி மலைக்காரர்களும் இருந்தார்கள். ஊரில் வேலை இல்லாமல் கூலிக்குப் போனவர்கள். அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகள் இப்போது பள்ளியில் படிக்கும் வயதில் இருப்பார்கள். அந்த வாரத் திருப்பலியில் உயிர்ப்பின் மகிழ்ச்சிக்கு நன்றி சொன்னோம். அவர்களுக்காக ஒரு வரி படித்ததாக எனக்கு நினைவில்லை.

*

மாவட்டத்துக்குள்ளேயே குறுக்குப்பட்டி, பவளத்தானூர், நாகியம்பட்டி. இலங்கைத் தமிழர் முகாம்கள். 2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள், நல்ல காரியம். ஆனால் 1987 ஜூலை 1 முதல் இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பருக்குப் பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. பாட்டி கடல் கடந்து வந்தாள்; பேத்தி சேலத்துத் தண்ணீர் குடித்து, சேலத்துப் பள்ளியில் படித்து, இன்னும் அகதியாக இருக்கிறாள். இவளைப் போன்ற பிள்ளைகளுக்காக என்ன கேட்பது? “ஆறுதல் தாரும்” என்று கேட்க எனக்கு மனம் ஒப்பவில்லை. குடியுரிமை தாரும் என்றே கேட்பேன். கோவிலில் கேட்கக் கூடாத வார்த்தையா அது?

*

மட்டக்களப்பு, சீயோன் தேவாலயம், 2019 ஏப்ரல் 21. ஞாயிறுபள்ளி முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்றிருந்தார்கள். குண்டு அங்கேதான் வெடித்தது. அன்று இலங்கையில் நடந்த குண்டுவெடிப்புகளில் இறந்தவர்களில் குறைந்தது 45 பேர் குழந்தைகள் என்று ஐ.நா. சொன்னது. அந்தப் பெற்றோரின் செபத்துக்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் வார்த்தை இல்லை. அவர்கள் கோபப்பட்டாலும் அதுவும் செபம்தான். சங்கீதங்களில் இல்லாத கோபமா?

*

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். செபக்கூட்டங்களில் பார்த்திருக்கிறேன்: அடிபட்ட, சீரழிக்கப்பட்ட பிள்ளையை மேடையில் ஏற்றி, நடந்ததை எல்லாம் ‘சாட்சி’யாகச் சொல்ல வைக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் பெயர், ஊர், போட்டோவோடு “இந்தப் பிள்ளைக்காகச் செபியுங்கள்” என்று வருகிறது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74: வழக்கு விசாரணையில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். செபத்துக்கு என்று விலக்கு ஏதும் இல்லை. சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம்தான். பிள்ளையின் பெயர் கடவுளுக்குத் தெரியும். நாம் ஒலிபெருக்கியில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது எது என்பதை. தரகன், முன்பணம், கடன், துப்பாக்கி, சட்டத்தின் ஓட்டை. நாம் காலம் காலமாகத் தலைகீழாகச் செய்துவருகிறோம்.

*

பிப்ரவரி 8-க்கும் இப்போதே குறித்துவைக்கிறேன். புனித ஜோசபின் பக்கீத்தா விழா. 2015 முதல் மனித வணிகத்துக்கு எதிரான செபநாள். சூடானின் டார்ஃபூரில் சிறுமியாக இருந்தபோது கடத்தி விற்கப்பட்டவர். அந்தப் பயத்தில் பெற்றோர் வைத்த பெயரே அவருக்கு மறந்துபோனது.

*

மன்றாட்டு, கிட்டத்தட்ட முடிந்த வடிவம்:

ஆண்டவரே, பிழைப்புக்காக எங்கள் ஊருக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்காகவும், பிழைப்புக்காக எங்கள் மலைகளைவிட்டுப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகளுக்காகவும் மன்றாடுகிறோம். இங்கேயே பிறந்தும் எந்த நாட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாதவர்களுக்குக் குடியுரிமை கிடைக்கச் செய்யும். சிறு கைகளின் உழைப்பில் லாபம் பார்க்கும் எங்களைத் தடுத்து நிறுத்தும்.

கடைசி வரியில் ‘எங்களை’ என்பதை ‘அவர்களை’ என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். மாற்றப்போவதில்லை.

*

ஜனவரியில் நம் தெருக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு: வடமாநிலக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகள் எவை, பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் யார் என்று பார்க்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்று சேர்க்க மறுக்கக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 14. அதன் நகல் இரண்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். இந்தி தெரிந்தவர் ஒருவர் கூட வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கோவில் அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில், இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்ட ஃபாதரிடம் அனுமதி கேட்க வேண்டும்.