காத்து எங்கேர்ந்து எடுக்குற?

2023 கோடையில் டெட்ராய்ட்டுக்கு வெளியே ஒரு வாடகை வீட்டின் கராஜில் உட்கார்ந்து பழைய கார் ஒன்றுக்கு சூப்பர்சார்ஜர் மாட்டிக்கொண்டிருந்தேன். 1992ஆம் வருட மாஸ்டா மியாட்டா. இரண்டே சீட், 1.6 லிட்டர் இன்ஜின், என்னைவிட இரண்டு வயது சின்னது. நாள் முழுக்கக் கோடு எழுதுகிறவனுக்கு, கையில் கிரீஸ் படுகிற வேலை ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே இரவு. வீடியோவில் அப்பாவுக்கு இன்ஜினைக் காட்டினேன். எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு ஸ்பீடு போகும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "காத்து எங்கேர்ந்துடா எடுக்குற?" என்றார்.

அப்பா எண்ணூர் லாரி ஃபேக்டரியில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவர். பெரும்பகுதி இன்ஜின் டெஸ்ட் பெட்டில். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி அது. முதலில் அங்கே பூட்டப்பட்டவை ஆஸ்டின் கார்கள். 1955இல்தான் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. "எண்ணூர்ல மொதல்ல காருதான், லாரி அப்புறம்" என்பதை அப்பா ஏதோ குடும்ப வரலாறு போலச் சொல்வார். அவர் அங்கே சேரும்போது ஆஸ்டினைப் பார்த்தவர்கள் யாரும் மிச்சமில்லை.

டெஸ்ட் பெட் ஆட்களுக்கு இன்ஜின் என்பது ஒரு காற்று பம்ப். பெட்ரோல் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்கிற காற்று உள்ளே வர வேண்டும். சாதாரண இன்ஜின் பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாக எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுதான் மூச்சு. சூப்பர்சார்ஜர் அந்த மூச்சைப் பிடித்துத் திணிக்கிறது. டர்போவும் அதையே செய்கிறது, ஆனால் வீணாகப் போகும் புகையின் வேகத்தில் சுழல்கிறது. சூப்பர்சார்ஜர் கிராங்கிலிருந்து பெல்ட் போட்டுச் சுழல்வது. அதனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த நொடியே காற்று வரும். அதற்குக் கூலியாக இன்ஜினின் சக்தியில் ஒரு பங்கை அது தின்றும்விடும்.

என்னுடையது ரூட்ஸ் வகை. இண்டியானாவைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவியின் வாரிசு. கார்கள் வருவதற்கு வெகுமுன்பே அந்தக் கருவி இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதிக்கொண்டிருந்தது. 1929இல் பென்ட்லி காருக்கு சூப்பர்சார்ஜர் மாட்டியபோது, அந்தக் கம்பெனியைத் தொடங்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லிக்கே அதில் விருப்பமில்லை. சக்தி வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்கு, காற்றைத் திணிக்காதே என்பது அவர் கட்சி.

நான் ஃபில்டரை பானெட்டுக்கு உள்ளே, ரேடியேட்டருக்குப் பின்னால் மாட்டியிருந்தேன். இடம் இருந்தது, குழாய் குட்டையாக இருந்தது, பார்க்கவும் அழகாக இருந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"ரேடியேட்டர் துப்புற சூட்டையே திருப்பி ஊட்றியேடா. மே மாசம் மத்தியானம் ஓடுற இன்ஜினும் டிசம்பர் காலையில ஓடுற இன்ஜினும் ஒண்ணா?"

ஒன்றில்லை. 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரி காற்று சுமார் 5 சதவீதம் லேசானது. அதனால்தான் டெஸ்ட் பெட்டில் அன்றைய வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொண்டு கணக்கைத் திருத்துவார்கள். இதையெல்லாம் நான்காவது செமஸ்டரில் படித்துப் பாஸ் செய்தவன்தான் நான். அப்பா ஐடிஐ.

அன்று இரவே கணக்குப் போட்டேன். வெளிக்காற்று 35 டிகிரி. சூப்பர்சார்ஜர் அதை ஒன்றரை மடங்கு அழுத்துகிறது. அழுத்தினால் காற்று சூடாகும், சைக்கிள் பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ரூட்ஸ் வகை திறமை குறைந்தது, 60 சதவீதம் என்று வைத்தால் வெளியே வரும் காற்று 100 டிகிரியை ஒட்டி இருக்கும். சூட்டில் காற்று விரிந்துவிடுவதால் அழுத்தம் 50 சதவீதம் கூடியும் உள்ளே போகும் காற்று 25 சதவீதம்தான் கூடுகிறது. அதையே இன்டர்கூலர் வழியாக விட்டு 50 டிகிரிக்குக் குளிர வைத்தால் 43 சதவீதம். இதைவிட முக்கியமானது, சூடான காற்றில் பெட்ரோல் தீப்பொறி மூட்டிய தீ வந்து சேரும்வரை காத்திருக்காமல் தானே வெடிக்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். பிஸ்டனில் ஓட்டை போடுகிற சத்தம் அது.

லேப்டாப்பை மாட்டி அளந்தேன். கணக்கு கிட்டத்தட்ட சரியாக இருந்தது. ஒரு மேட்டில் ஏறும்போது அந்தச் சத்தமும் கேட்டது, டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி.

ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், வெளிக்காற்று நேராக வரும் இடத்துக்கு மாற்றினேன். இன்டர்கூலர் வாங்கினேன். காற்றால் குளிர்வதா, தண்ணீரால் குளிர்வதா என்று ஒரு மாதம் குழப்பம். தண்ணீர் என்றால் குழாய் குட்டை, ஆனால் தனி பம்ப், தனி ரேடியேட்டர். காற்று என்றால் எளிது, ஆனால் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் வைக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டேன்.

"எதுனா வை. சூடு எங்க போவுதுன்னு மட்டும் பாரு. மாயமா மறையாது. முன்னாடி இருக்கறது கழிச்சுப் போடும், பின்னாடி இருக்கறது வாங்கிக்கும்."

டிசம்பர் 26 மதியம். கராஜில் ஹீட்டர் போட்டு இன்டர்கூலர் குழாய்களுக்கு கிளாம்ப் முறுக்கிக்கொண்டிருந்தேன். ஊரில் நள்ளிரவு தாண்டியிருந்தது. அம்மா போன் செய்தாள். இருமலுக்கு நடுவே, "நாத்தம் தாங்கலடா, கண்ணத் தொறக்க முடியல, அப்பாவுக்கு இழுக்குது" என்றாள். பின்னால் தெருவே ஓடும் சத்தம்.

பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் அமோனியா குழாயில் கசிவு. மாத ஆரம்பத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெல்லாம் படிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் அப்பாவை பைக்கில் நடுவில் உட்கார வைத்து தெற்கே கொண்டுபோனான். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அப்பா இரண்டு நாள் ஆக்ஸிஜனில் இருந்தார்.

ஜனவரியில் போனேன். குப்பங்களில் பந்தல் போட்டு ஜனங்கள் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் அப்பா இளைத்திருந்தார், இன்ஹேலர் சட்டைப்பையில் பேனா மாதிரி செருகியிருந்தது. மாலையில் ஒவ்வொரு ஜன்னலாக மூடினார். அப்போதுதான் கவனித்தேன், அவரிடம் ஒரு முறை இருந்தது. பகலில் கடற்காற்று, கிழக்கு ஜன்னலைத் திற. ராத்திரி நிலக்காற்று மணலிப் பக்கத்திலிருந்து வரும், மேற்கு ஜன்னலை மூடு. ஊரே எதைச் சுவாசிக்கிறது என்பதை மாற்ற முடியாதவர், தன் வீட்டுக்கு எந்தக் காற்றை எடுப்பது என்று வருடக்கணக்காகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்.

"அன்னிக்கு கெழக்கு ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு," என்றார். "கடல் பக்கமாச்சேன்னு."

மறுநாள் இருவரும் கழிமுகப் பாலம் வரை நடந்தோம், மெதுவாக, நின்று நின்று. 1970 முதல் ஓடிய 450 மெகாவாட் எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆனால் ஆற்றுக்கு வடக்கே வடசென்னை அனல் மின்நிலையம் ஓடுகிறது. அதன் சுடுநீர் கழிமுகத்தில் கலப்பதால் மீன் போய்விட்டது என்று மீனவர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்திருக்கிறது. நான் பெரிய கண்டுபிடிப்பு போல, "சென்னைக்கே எண்ணூர்தான்பா இன்டர்கூலர். அங்க ஏசி ஓடுது, சூடு இங்க எறங்குது" என்றேன்.

அப்பா சிரிக்கவில்லை. "இன்டர்கூலருல அழுக்கு சேந்தா கழட்டிக் கழுவுவோம். இத யாரு கழுவுறது?"

என்னோடு வந்துவிடச் சொன்னேன். தாம்பரம் பக்கமாவது வீடு பார்க்கிறேன் என்றேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ காருக்கு எடத்த மாத்துன. ஃபில்டரு எடம் மாறும். எல்லாரும் மாறிட்டா இங்க இருக்கறவன் என்னாவான்?" பிறகு, கொஞ்சம் இளைப்பாறி, "எனக்கு டியூட்டி நண்பருங்க எல்லாம் இங்கதாண்டா" என்றார். எந்தப் பதில் உண்மையானது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

ஏப்ரலில் பனி விட்டதும் காரை எடுத்தேன். அதே மேட்டில் சத்தமில்லாமல் ஏறியது. உள்ளே போகும் காற்று 45 டிகிரியைத் தாண்டவில்லை. போனை டாஷ்போர்டில் வைத்து அப்பாவுக்கு இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தேன். பெல்ட்டின் மெல்லிய ஊளை. கண்ணை மூடிக் கேட்டார், டெஸ்ட் பெட்டில் நிற்பவர் போல.

"நல்லா மூச்சு வாங்குது," என்றார். "ஃபில்டரக் கழட்டிப் பாத்தியா?"

அன்று சாயங்காலம் கழற்றிப் பார்த்தேன். எட்டு மாதம் ஓடிய ஃபில்டர். ஒன்றிரண்டு பூச்சி, கொஞ்சம் மகரந்தம். விரலால் தேய்த்தால் விரல் கறுக்கவில்லை. வழக்கம்போல ஒரு படம் எடுத்தேன். அதை அவருக்கு அனுப்பவில்லை.