ரிப்போர்ட்டும் ஸ்டிக்கர் மிஷினும்

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. சம்பளக் கணக்கு மொத்தமும் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ல ஓடுது. (சிரிக்காதீங்க மக்களே, இன்னும் நிறைய இடத்துல அதுதான் சோறு போடுது.) நான் புடுங்குற ஆணிகள்ல அதுவும் ஒண்ணு.

பிரச்சினை என்னன்னா, சம்பள ரிப்போர்ட்டைத் திறந்தா ஆக்சஸ் டப்புன்னு மூடிக்கும். தினமும் இல்ல. நாலு நாள் ஒழுங்கா திறக்கும், அஞ்சாவது நாள் படுத்துக்கும். டேபிள், ஃபார்ம் எல்லாம் ஜோரா திறக்கும், ரிப்போர்ட்தான் சண்டித்தனம். அதே ஃபைல் என் லேப்டாப்ல சமர்த்தா ஓடும்.

'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர்' போட்டேன். புது ஃபைல்ல எல்லாத்தையும் இம்போர்ட் பண்ணேன். ஆஃபீஸையே தூக்கிட்டு மறுபடி போட்டேன். சரியாயிடுச்சுன்னு நான் சொன்ன மறுநாள் கரெக்டா போன் வரும். கடுப்புல டேமேஜருக்கு ஒரு மெயில் தட்டினேன்: 'யூசர் சரியா கையாளலை'. அது அப்படியே முதலாளிக்குப் போய், அவர் கணக்கு பாக்குற அக்காவை எல்லார் முன்னாடியும் திட்டியிருக்கார். அடுத்த தடவை நேர்ல போனப்பதான் எனக்கே தெரியும்.

அக்கா ஒண்ணும் கேக்கலை. டீ வரவழைச்சுக் குடுத்துட்டு, சுவத்துல தொங்குன மாசக் காலண்டரைக் காட்டினாங்க. அங்கங்க பென்சில் வட்டம்.

"ரிப்போர்ட் படுத்த நாளுங்க தம்பி. அன்னிக்கெல்லாம் பொட்டிக்கு ஸ்டிக்கர் அடிச்சிருக்கோமுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ரிப்போர்ட்டைத் திறக்கும்போது, பேப்பர் என்ன அளவு, ஓரம் எவ்வளவு விடணும்னு ஆக்சஸ் டீஃபால்ட் பிரிண்டரோட டிரைவர்கிட்ட கேட்டுதான் பக்கம் பிரிக்கும். 2015 கடைசியில வந்த அப்டேட்ல இருந்து விண்டோஸ் 10-ல, கடைசியா எந்தப் பிரிண்டர்ல அடிச்சோமோ அதையே டீஃபால்ட் ஆக்கிக்கிற வசதி ஒண்ணு இருக்கு. ஸ்டிக்கர் அடிச்சா ஸ்டிக்கர் மிஷின்தான் டீஃபால்ட். அதோட ஓட்டை டிரைவர்கிட்ட கேள்வி கேட்டதும் ஆக்சஸ் காலி. அப்புறம் யாராவது லேசர்ல ஒரு பில் அடிச்சா தானா குணமாயிடும். என் லேப்டாப்ல ஸ்டிக்கர் மிஷினே கிடையாது, எங்க வரும்?

ஈவென்ட் வியூவரைத் திறந்தா, விழுந்த ஒவ்வொரு தடவையும் அந்த டிரைவர் ஃபைல் பேரு பளிச்சுன்னு இருக்கு. முதல் நாளே பாத்திருக்கணும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் பாக்கலை, காலண்டர் பாத்துச்சு.

'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்' டிக்கை எடுத்துட்டு, லேசரை டீஃபால்ட் ஆக்கினேன். ஸ்டிக்கர் மிஷினுக்குப் புது டிரைவர். ரெண்டு நிமிஷ வேலை.

"சாரிக்கா, தப்பு என் மேலதான்"னேன்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க தம்பி? அதையும் மெயில்ல எழுதுங்க."

அங்கேயே உக்காந்து எழுதினேன். டேமேஜருக்கும் முதலாளிக்கும் சேர்த்து. அனுப்பினதும் ஒரு காப்பி பிரிண்ட் கேட்டாங்க, ஃபைல்ல வைக்கணுமாம். பிரிண்ட் குடுக்கப் போனேன்.

"லேசருக்குத்தானுங்களே போகுது?"ன்னாங்க.

ஒரு தடவை செக் பண்ணிட்டுதான் அமுக்கினேன்.