மர்பி டவுனில் ஐந்து கடைகள்

4-8-2024, ஞாயிறு

தங்கை மகள் காலையிலேயே நோட்டும் பென்சிலுமாக வந்துவிட்டாள். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வயது 24, ஒரு கம்பெனியில் வேலை, பாதி மாதம் நைட் ஷிப்ட். நவம்பர் 24-ஆம் தேதி ‘கேட்’ எழுதப் போகிறாளாம். மேனேஜ்மெண்ட் படிப்பில் சேர ஐ.ஐ.எம்.கள் நடத்தும் நுழைவுத் தேர்வு. இந்த முறை பொறுப்பு கல்கத்தா ஐ.ஐ.எம்.முக்கு. 1-ஆம் தேதியே பதிவு தொடங்கியாயிற்று, கட்டணம் 2,500 ரூபாய்.

“இங்கிலீஷ் சமாளிச்சுக்குவேன் மாமா. கணக்கும் பரவாயில்லை. நடுவுல வர்ற டி.ஐ.எல்.ஆர்., அதாவது டேட்டாவும் லாஜிக் புதிரும், அதுதான் ஆளைக் கொல்லுது. நீங்க டைம் ஆபீஸ்ல ஷிப்ட் போட்டவர்தானே, கொஞ்சம் பாருங்களேன்” என்றாள்.

பார்த்தேன். எட்டுப் பேர் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு ஊர், ஒரு தொழில். மதுரைக்காரருக்கு எதிரே டாக்டர், டாக்டருக்குப் பக்கத்தில் வக்கீல் இல்லை என்று ஆறேழு குறிப்புகள். யார் எங்கே என்று சொல்ல வேண்டும். ரிட்டையர் ஆகும்வரை நான் பார்த்த வேலையே இதுதான். என்ன, அப்போது சம்பளம் கொடுத்தார்கள்.

18-8-2024, ஞாயிறு

பாப்பாவின் நோட்டைப் புரட்டினால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. எது உறுதி என்று தெரிகிறதோ அதை மட்டும் எழுதுகிறாள். எது இல்லை என்று தெரிந்ததை மனதில் வைத்துக்கொள்கிறாள். நாலாவது குறிப்புக்கு வருவதற்குள் மனதில் வைத்தது பறந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து படிக்கிறாள்.

டைம் ஆபீஸில் முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இதைத்தான். ஆட்களின் பெயர் பக்கவாட்டில், ஷிப்டுகள் மேலே, நடுவே கட்டங்கள். நேற்று சி ஷிப்ட் முடித்து காலையில் வீட்டுக்குப் போனவனை இன்று ஏ ஷிப்டில் போட முடியாது. அந்தக் கட்டத்தில் உடனே பெருக்கல் குறி. கிரேன் ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர் என்றால் இருவருக்கும் ஒரே நாளில் வார லீவு கிடையாது. இன்னொரு பெருக்கல் குறி. இப்படி அடித்துக்கொண்டே போனால் ஒரு வரிசையில் ஒரே ஒரு கட்டம் காலியாக மிஞ்சும். அந்த ஆளை நாம் தேட வேண்டியதே இல்லை, அவரே வந்து நிற்பார்.

ஒரு வித்தியாசம் உண்டு. புதிரில் சொன்னதெல்லாம் உண்மை, தேவையானதெல்லாம் சொல்லப்பட்டிருக்கும். டைம் ஆபீஸில் இரண்டுமே கிடையாது. பாட்டி செத்துப்போனதாக லீவு வாங்கியவரின் பாட்டி அடுத்த ஆயுத பூஜைக்கு மஷினுக்குப் பொட்டு வைக்க வந்து நிற்பார்! அந்த வகையில் பாப்பாவின் வேலை சுலபம். அவளிடம் இதைச் சொன்னேன். “நாற்பது நிமிஷத்துல நாலு ரோஸ்டர் போட்டிருக்கீங்களா மாமா?” என்று கேட்டாள். பரீட்சையில் அந்தப் பகுதிக்கு நாற்பது நிமிஷம்தான், ஒரே குறிப்புகளை வைத்துச் சில கேள்விகள் கேட்கிற ‘செட்’ நாலு. நியாயமான கேள்வி.

25-8-2024, ஞாயிறு

பெங்களூர் மர்பி டவுன் கண்டோன்மெண்ட் காலத்தில் நாக்ஸ்பேட்டையாக இருந்து, பிறகு மர்பி என்ற எஞ்சினியரின் பெயரைப் பெற்றது. நேர்நேராகத் தெருக்கள், வரிசையாகச் சின்ன வீடுகள், கோடு போட்ட காகிதம் மாதிரி. புதிர் சொல்லிக்கொடுக்கத் தோதான ஊர். இன்று மார்க்கெட்டுக்கு நடந்தபடியே ஒரு புதிர் கட்டினேன். கடைகளும் அவற்றின் வரிசையும் என் கற்பனை.

இடமிருந்து வலமாக ஐந்து கடைகள்: பூக்கடை, கறிக்கடை, இட்லிக்கடை, தையல்கடை, இஸ்திரி வண்டி. குறிப்புகள் நாலு. இட்லிக்கடை நடுவிலும் இல்லை, இரண்டு கோடியிலும் இல்லை. பூக்கடைக்கும் கறிக்கடைக்கும் இடையே சரியாக ஒரு கடை. தையல்கடைக்கு அடுத்து வலப்பக்கம் இஸ்திரி வண்டி. கடைசியாக, தையல்கடையும் கறிக்கடையும் பக்கத்துப் பக்கத்தில்.

“நாலாவதை இப்போ சொல்லமாட்டேன். முதல் மூணை வெச்சு எவ்வளவு தூரம் போற, பார்க்கலாம்” என்றேன்.

ஐந்து கடைகளை 120 விதமாக அடுக்கலாம். இட்லிக்கடைக்கு 2-ஆவது அல்லது 4-ஆவது இடம்தான் என்றதும் 48 ஆகிறது. பூவும் கறியும் ஓர் இடம் விட்டு நிற்க வேண்டும் என்றதும் 16. தையலும் இஸ்திரியும் ஒட்டி நிற்க வேண்டும் என்றதும் 4. பாப்பா இந்த எண்களைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை, இரண்டு கோடு கிழித்தாள். இட்லி 2-இல் என்றால் பூவும் கறியும் 1, 3-இல். தையல் 4, இஸ்திரி 5. பூவும் கறியும் 3, 5-க்குப் போனால் மிஞ்சுவது 1-உம் 4-உம், அங்கே தையலும் இஸ்திரியும் ஒட்டி நிற்க முடியாது. அடித்துவிட்டாள். இட்லி 4-இல் என்றால் தையல் 1, இஸ்திரி 2. பூவும் கறியும் 3, 5-இல். அவ்வளவுதான்.

“முடியலையே மாமா. நடுக்கடை பூவா கறியான்னு தெரியலை.”

“நான் அதைக் கேட்கலையே. இட்லிக்கடைக்கு ரெண்டு பக்கமும் யாரு?”

நோட்டைப் பார்த்தாள். எந்தப் படத்தை எடுத்தாலும் ஒரு பக்கம் பூ, மறுபக்கம் கறி. முழு வரிசையும் தெரியாமலேயே இந்தக் கேள்விக்கு விடை உண்டு. பரீட்சைக்காரர்கள் விளையாடுவது இங்கேதான். ‘எது நிச்சயம்’ என்று ஒரு கேள்வி, ‘எது நடக்கலாம்’ என்று ஒரு கேள்வி, ‘எது நடக்கவே முடியாது’ என்று இன்னொன்று. மூன்றுக்கும் வேறு வேறு வேலை. நிச்சயம் என்று சொல்ல எல்லாப் படத்தையும் பார்த்தாக வேண்டும். நடக்கலாம் என்று சொல்ல ஒரே ஒரு படம் கிடைத்தால் போதும். இந்தப் பிள்ளைகள் வரிசையை முழுசாக முடித்துவிட்டுத்தான் கேள்வியைப் படிப்பேன் என்று அடம் பிடிப்பதில்தான் பாதி நேரம் போகிறது.

நாலாவது குறிப்பைச் சொன்னதும் ஐந்து விநாடியில் முடித்தாள். இட்லி 4-இல் இருக்கும் படத்தில் தையல்கடை கோடியில் இருக்கிறது, அதன் ஒரே அண்டை இஸ்திரி வண்டி. அந்தப் படம் ஒழிந்தது. ஆகவே பூ, இட்லி, கறி, தையல், இஸ்திரி.

20-9-2024, வெள்ளி

பதிவுக்கு இன்று சாயங்காலம் 5 மணியோடு கெடு. முதலில் 13-ஆம் தேதி என்றார்கள், ஒரு வாரம் நீட்டித்தார்கள். பாப்பா முதல் வாரத்திலேயே கட்டிவிட்டாள்.

ஒரு கோச்சிங் சென்டரில் அவளுக்குக் கொடுத்த ‘ஷார்ட்கட்’ புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வட்ட மேஜைக்கு ஒரு சூத்திரம், வரிசைக்கு ஒரு சூத்திரம், ரத்த உறவுக்கு ஒரு சூத்திரம். கேட் தாளில் வருவது பெரும்பாலும் இந்த அச்சுகளில் அடங்காது. ஒரு வருடம் ஒரு மாதிரி, அடுத்த வருடம் வேறு மாதிரி. சூத்திரம் விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பெற்றவர்கள் கடன் வாங்கிக் கட்டும் பணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

5-10-2024, சனி

அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் தமிழ்ச் சங்கத்துக்குப் போய்விட்டு வந்தேன். பாப்பாவைப் பயமுறுத்துகிற இந்தத் தருக்கச் சரக்கு புதிதல்ல என்று காட்ட ஒரு சாட்சி வேண்டியிருந்தது. மணிமேகலையில் இருக்கிறது.

வஞ்சி நகரில் மணிமேகலை ஆண் துறவி வேடத்தில் போய் ஒவ்வொரு சமயவாதியிடமும் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். 27-ஆவது காதை. முதலில் பேசுகிற அளவைவாதி, ஒன்றை அறிந்துகொள்ளும் வழிகளைப் பட்டியல் போடுகிறான். வியாசர் கணக்கில் பத்து, கிருதகோடி கணக்கில் எட்டு, சைமினி கணக்கில் ஆறு. கண்ணால் காண்பது ஒன்று, கருதி அறிவது ஒன்று. அந்தக் கருதலிலும் பிரிவுகள் உண்டு. ஆற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்து மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று சொல்வது ஒன்று. கறுத்த மேகத்தைப் பார்த்து இனி மழை வரும் என்பது இன்னொன்று. முதலாவது நடந்ததைச் சொல்கிறது, மற்றது நடக்கப்போவதை. தேர்வில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

எனக்குப் பிடித்தது மீட்சி என்ற அளவை. ராமன் ஜெயித்தான் என்று மட்டும் காதில் விழுந்தால் ராவணன் தோற்றான் என்று அறிந்துகொள்வது. யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். சண்டை போட்டவர்கள் இருவர், ஒருவருக்கு வெற்றி. மற்றவருக்கு என்ன மிஞ்சும்? பாப்பாவின் கட்டத்தில் கடைசியாக மிஞ்சுகிற காலியிடம் இதுவேதான்.

29-ஆவது காதையில், காஞ்சியில், அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். அங்கே பாதி இடம் சரியான வாதத்துக்கு அல்ல, போலிகளுக்கு. காரணம் மாதிரியே தோன்றி காரணமாக இல்லாதவை, எடுத்துக்காட்டு மாதிரியே இருந்து பொருந்தாதவை என்று வகை வகையாக. கேட் தாளில் நாலு விடை கொடுக்கிறவர்கள் அதில் மூன்றை இப்படித்தான் சமைக்கிறார்கள். பாப்பாவிடம் படித்துக் காட்டினேன். “இதுக்கு கோச்சிங் எங்க மாமா?” என்றாள்.

20-10-2024, ஞாயிறு

விடாத மழை. பாப்பா மாக் டெஸ்ட் எழுதி முடித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் செட்டிலேயே பதினெட்டு நிமிஷம் போயிற்றாம்.

அவளுடைய பிரச்சினை இப்போது தருக்கம் இல்லை, ரோஷம். எடுத்த செட்டைப் பாதியில் விட மனசு வரவில்லை. கேட்டில் சரியான விடைக்கு 3 மார்க், நாலில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்வியில் தப்பானால் 1 மார்க் போகும், விடையை நாமே தட்டும் கேள்வியில் தப்பானால் நஷ்டம் இல்லை. கஷ்டமான செட்டுக்குக் கூடுதல் மார்க் கிடையாது. 2020-க்கு முன் இந்தப் பகுதிக்கு 60 நிமிஷம் இருந்தது, அந்த வருடம் 40 ஆக்கினார்கள். மிச்சமாகிற நேரத்தை அடுத்த பகுதிக்குக் கொண்டுபோகவும் முடியாது. அப்படியிருக்க, எல்லா செட்டையும் தொட்டுப் பார்க்காமல் முதலில் வந்ததைக் கட்டிக்கொண்டு அழுவது வியாபாரம் தெரியாத வேலை. மேனேஜ்மெண்ட் படிக்கப் போகிறவள்!

நல்ல செட்டை மோந்து கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டாள். என் கணக்கு இது: அதிகமான கட்டங்களை ஒரே அடியில் அடிக்கிற குறிப்பு ஒன்றாவது இருக்க வேண்டும். ‘சரியாக ஒன்று’, ‘கோடியில் இல்லை’, ‘எல்லாமே வேறு வேறு எண்’ மாதிரி. மூன்று நிமிஷத்தில் அப்படிப் பிடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டியதுதான்.

இந்த மாதிரிப் புதிர் பழைய சங்கதிதான். லூயிஸ் கரோல் என்ற பெயரில் ஆலிஸ் கதை எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியார். 1896-இல் தருக்கத்துக்கு என்றே ஒரு புத்தகம் போட்டார், அதில் இந்த மாதிரிச் சங்கிலிக் குறிப்புகள் நிறைய. ஐந்து வீடு, ஐந்து நிறம், வரிக்குதிரை யாருடையது என்று இன்றும் சுற்றிவரும் புதிர் 1962-இல் ‘லைஃப் இண்டர்நேஷனல்’ பத்திரிகையில் வந்தது. ஐன்ஸ்டைன் சின்ன வயதில் எழுதியது என்று சொல்வதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது. அந்தப் புதிர்களை எல்லாம் ஜனங்கள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பல் குத்திக்கொண்டு போட்டார்கள். கடிகாரத்தை மேலே மாட்டியது நம் காலத்துப் புண்ணியம்.

24-11-2024, ஞாயிறு

காலை ஷிப்ட். பரீட்சைக்கும் மூன்று ஷிப்டாம். 8.30-க்கு முன்னால் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று பாப்பா விடிவதற்குள் ஆட்டோ பிடித்தாள். எனக்குப் பழைய ஞாபகத்தில் ஏ ஷிப்ட் சங்கு கேட்கிற மாதிரி இருந்தது.

மதியம் வந்தாள். நாலு செட், 20 கேள்வி என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்கு ஐந்து செட், 22 கேள்வி. “முதல்ல அஞ்சையும் படிச்சேன் மாமா. ரெண்டை அப்பவே விட்டுட்டேன்.” மீதி மூன்றில் இரண்டு முழுசாக, ஒன்று பாதி. இரண்டு கேள்விகளை முழுப் படமும் இல்லாமலேயே போட்டதாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள், ராத்திரி டியூட்டி இருக்கிறது.

20-12-2024, வெள்ளி

நேற்று ரிசல்ட். 3.29 லட்சம் பேர் பதிவு செய்து 2.93 லட்சம் பேர் எழுதியிருக்கிறார்கள். 100 பர்சென்டைல் வாங்கியவர்கள் 14 பேர். பாப்பாவுக்கு இந்த முறை அதிகமாக வந்தது நடுப்பகுதியில்தான், காலை வாரியது அவள் சமாளித்துக்கொள்வேன் என்ற இங்கிலீஷ். பன்னார்கட்டா ரோடு ஐ.ஐ.எம்.முக்கு அது போதாது. கேட் மார்க்கை ஏற்கிற மற்ற கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த வருடம் எழுத இருக்கும் பிள்ளைகளுக்கும், அதைவிட முக்கியமாக அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்வு முடிந்ததும் கேள்விகளையும் விடைகளையும் ஐ.ஐ.எம். வெளியிடுகிறது. அதை எடுத்துக்கொண்டு, கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் ஒரு மாதம் கடிகாரம் இல்லாமல் போட்டுப் பாருங்கள். கட்டம் போட்ட நோட்டு ஒன்று, பென்சில், ரப்பர் போதும். போட முடிகிறது என்று தெரிந்த பிறகு கடிகாரத்தை வாங்கலாம், அதற்கும் கோச்சிங் சென்டர் தேவையில்லை.