காரஞ்சி ஏரிக்கரையில் ஒரு காலைப்பொழுது

மைசூர் போகிறவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம் என்று நாலையும் முடித்துக்கொண்டு மைசூர்பாகோடு திரும்பிவிடுகிறார்கள். மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்திலேயே காரஞ்சி ஏரி இருக்கிறது. அதன் கரையில் மத்திய அரசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இருக்கிறது. போன மாசிக் கடைசியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது இரண்டையும் பார்த்தோம். ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் திங்கள், செவ்வாயைத் தவிர்த்துவிடுங்கள். திங்கள் மியூசியத்துக்கு விடுமுறை, செவ்வாய் ஏரிப் பூங்காவுக்கு விடுமுறை.

வயதான காலத்தில் அங்கே எதற்குப் போனோம் என்று சொல்ல வேண்டும். என் மனைவிக்குக் கண் அழுத்த நோய். கண்டுபிடித்து இரண்டு வருஷம் ஆகிறது. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டுமருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் இருப்பது தெரியாது, ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல. நம் சுவாமிநாதன் கோயில் அறுபது படியையும் இப்போது வருஷப் பேரைச் சொல்லிக்கொண்டே ஏறுகிறாள். பிரபவ, விபவ என்று ஆரம்பித்து அட்சயவில் கால் சமதளத்துக்கு வந்துவிடும். ஊரிலேயே சும்மா இருக்காமல், "கண்ணு இருக்கறப்பவே நாலு இடம் பாத்துடணும்ங்க" என்றாள். கும்பகோணத்தில் சாயங்காலம் ரயில் ஏறி, காலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பாலத்தில் காவிரியைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு மைசூரில் இறங்கினோம்.

காரஞ்சி என்றால் கன்னடத்தில் நீரூற்று. ஏரியும் அதைச் சேர்ந்த இடமுமாக 90 ஹெக்டேர் என்கிறார்கள். நம் கணக்கில் 33 வேலி. நான் பொதுப்பணித்துறையில் 31 வருஷம் மதகும் ஷட்டருமாகக் கிடந்தவன். எந்த ஏரியைப் பார்த்தாலும் முதலில் கரை எங்கே, கலிங்கு எங்கே, வரத்து எங்கிருந்து என்றுதான் கண் போகும். இங்கே மலையடிவாரத்து மழைத்தண்ணீர்தான் வரத்து. ஊர் வளர வளர வரத்து வாய்க்கால்கள் அடைபட்டு, சாக்கடை உள்ளே வந்து, ஏரி கெட்டுப்போனது. 1976லேயே ஏரியை மிருகக்காட்சி சாலை வசம் கொடுத்திருந்தார்கள். அதனால் பின்னாளில் சாக்கடையைத் திருப்பிவிட்டுச் சீர்செய்வதற்குப் பொறுப்பானவர்கள் இருந்தார்கள். கும்பகோணத்துக் குளங்களுக்குக் காவிரியிலிருந்தும் அரசலாற்றிலிருந்தும் போன வாய்க்கால்கள் எத்தனை இன்று கட்டடங்களுக்கு அடியில் கிடக்கின்றன என்று நம்மவர்களுக்குத் தெரியும். ஏரி, குளம் என்றால் அதற்கென்று ஒரு சொந்தக்காரர் வேண்டும். பத்துத் துறைக்குப் பொது என்றால் யாருக்கும் இல்லை என்று அர்த்தம்.

பூங்காவுக்குள் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் ஒன்று உண்டு. அங்கேதான் சங்கடமாகிவிட்டது. பேத்தி "அப்பாயி, அதோ, அதோ" என்று கை காட்டுவாள். இவள் முகத்தைத் திருப்புவதற்குள் பூச்சி வேறு பக்கம் போய்விடும். ஒன்றுகூட அகப்படவில்லை. "நீங்க பாருங்க" என்று செடிகளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது.

பெரிய பறவைக்கூடம் ஒன்று இருக்கிறது. நாம் உள்ளே நடக்க, பறவைகள் நம்மைச் சுற்றி உலாவும். மயில்கள் நிறைய. "நம்ம சாமிக்கு எதிர்ல யானைதானே நிக்குது, இங்க வந்துதான் மயிலப் பாக்கணுமா" என்று இவள் கேட்க, பேத்திக்கு ஒரே சிரிப்பு.

அதைத் தாண்டிக் கரையில் நடக்கும்போது, "கவுச்சி அடிக்குதே" என்றாள். ஏரிக்குள் உள்ள திட்டில் மரமெல்லாம் சங்குவளை நாரைகள் கூடு கட்டியிருந்தன. மீன் தின்னும் பறவைகள், கீழே எச்சம் வெள்ளையாக வழிந்து கிடந்தது. வேடந்தாங்கலில் இந்த எச்சம் கலந்த ஏரித்தண்ணீரை வயலுக்கு உரமாகவே நினைத்துத்தான் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காரர்கள் பறவைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். பேத்தி அவள் பின்னால் போய் நின்று, இரண்டு கன்னத்தையும் பிடித்து முகத்தை அந்த மரத்துக்கு நேராகத் திருப்பிவைத்தாள். கூட்டில் நிற்கிற நாரை எங்கே போகப்போகிறது? அப்படியே நிற்கும். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "மஞ்ச மூக்கு. வால்கிட்ட ரோசு கலரு. சரியா?" என்றாள். சரிதான். அடுத்த கூடு, அதற்கடுத்தது என்று பேத்தி முகத்தைத் திருப்பத் திருப்ப எண்ண ஆரம்பித்துவிட்டாள். பதினேழு வரை எண்ணியது எனக்கு நினைவிருக்கிறது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம்.

மியூசியம் 1995இல் திறந்தது. இதற்குத் தலைமையான டெல்லி மியூசியம் 1978இல் வந்தது. 2016 ஏப்ரலில் தீப்பிடித்து அது அழிந்துபோனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். மைசூரில் இருப்பது குழந்தைகளுக்கு நல்ல பாடம். காடு, உயிரினங்கள், ஒன்றை ஒன்று சார்ந்து வாழ்வது எல்லாம் மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே வெளிச்சம் மங்கல், கண் அழுத்தக்காரர்களுக்கு அது ஆகாது. பேத்தி உள்ளே சுற்றிவர, நாங்கள் ஏரி தெரிகிற பக்கமாக உட்கார்ந்துகொண்டோம். என்னைக் கேட்டால், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகிற வாத்தியார்கள் முதலில் ஏரிக்கரை, பிறகு மியூசியம் என்று வைத்துக்கொள்ளலாம். நாரையைப் பார்த்துவிட்டு வந்த பேத்தி, அது என்ன தின்னும், எங்கே போகும் என்று அங்கிருந்தவர்களைத் துளைத்து எடுத்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் இவள் கேட்டது, நம் பக்கம் இப்படி எங்கே இருக்கிறது என்று. வடுவூர் ஏரி இருக்கிறது, உதயமார்த்தாண்டபுரம் இருக்கிறது. இரண்டுக்கும் 2022இல் ராம்சார் அங்கீகாரமே கிடைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் மன்னார்குடி பஸ்ஸில் வடுவூரை எத்தனையோ தடவை கடந்திருக்கிறோம். கார்த்திகையில் பறவைகள் வந்திருக்கும் என்று சொன்னேன். சொட்டுமருந்து பாட்டிலைப் பையில் வைக்க இப்போதே ஒரு சின்ன டப்பா எடுத்துவைத்திருக்கிறாள். பேத்திக்கு அப்போது லீவு கிடைக்காது. முகத்தைத் திருப்பிவிடுகிற வேலை என்னுடையதுதான்.