உழவனுக்கு வகுத்த மோட்டார் வண்டி

மோட்டார் வண்டியென்றால் துரைமார் வண்டி என்னும் எண்ணத்திலேயே தோட்டங்களில் வளர்ந்தவர் நாம். ஆதலின், குடியானவனையும் அவன் கூடையிலுள்ள முட்டையையும் முன்னிறுத்திப் பிரெஞ்சு நாட்டில் ஒரு வண்டி வகுக்கப்பட்டதென்று படித்தபோது பெரிதும் வியந்தோம். நாம் பயின்ற ஆங்கிலப் பள்ளியில் ஆஸ்டின், மோரிஸ் என்னும் பெயர்களைக் கேட்டதுண்டு. பிரெஞ்சு வண்டிகளைப் பற்றிச் சொல்வார் ஒருவருமிலர்.

1930களின் பிற்பகுதியில் சித்ரோயன் கம்பெனியின் தலைவரான பியேர் பூலாஞ்சே தம் பொறியியலாரிடம் கேட்டது இதுவே: இரண்டு குடியானவரும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏறவேண்டும், மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடவேண்டும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் எண்ணெயே செலவாகவேண்டும். உழுத வயலில் ஓட்டினும் கூடையிலுள்ள முட்டை ஒன்றேனும் உடையலாகாது என்றும் கூறினார் என்பர். ஏழையின் சாமானை எண்ணிப் பார்த்த முதலாளியை நாம் அதிகம் கண்டதில்லை.

இடையே யுத்தம் மூண்டது. 1940இல் ஜெர்மானியர் பிரான்சைக் கைப்பற்றவே, மாதிரி வண்டிகளிற் பலவற்றை அழித்தும் சிலவற்றை ஒளித்தும் வைத்தனர். 1948 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் 2 சி.வி. என்னும் பெயரோடு அது வெளிப்பட்டபோது கண்டோர் பலர் நகைத்தனர். அலைதகடு போன்ற முன்மூடி, சுருட்டி வைக்கும் துணிக்கூரை, காற்றாலேயே குளிரும் 375 சி.சி. எஞ்சின், அதன் வலிமையோ 9 குதிரைச் சக்தி! நகைத்த நாட்டிலேயே அதனை வாங்க ஆண்டுக்கணக்காய்க் காத்திருக்கும் நிலை வந்தது.

ரெனோவின் 4 சி.வி. இதற்கு மூத்தது. ஜெர்மானியரோடு ஒத்துழைத்தார் என்று 1944இல் சிறைப்பட்ட லூயி ரெனோ அவ்வாண்டிலேயே மாண்டார். 1945இல் அரசாங்கம் அவருடைய தொழிற்சாலையைத் தனதாக்கிக் கொண்டது. யுத்தகாலத்தில் மறைவாய் உருவான அவ்வண்டி 1946இல் காட்சிக்கு வந்தது. பின்புறம் எஞ்சினும் நான்கு கதவுகளும் கொண்ட அதனை, வடிவும் மஞ்சள் நிறமும் கண்டு 'வெண்ணெய்க் கட்டி' என்று கேலி செய்தனர். அக்கட்டிதான் பிரெஞ்சு வண்டிகளுள் முதன்முதல் பத்து லட்சத்தைக் கடந்தது! 1948இல் வந்த பெழோ 203 சற்று வசதியுள்ளோர்க்கானது. அதுவும் நன்றாகவே விலைபோயிற்று.

இனி, நம் தொழிலுக்கு நெருங்கிய செய்தி ஒன்று. 1934இல் கடனில் மூழ்கிய சித்ரோயனை ஏற்றுக்கொண்டது டயர் செய்யும் மிஷலின் கம்பெனி. பூலாஞ்சேயும் மிஷலின் ஆளே. அந்த மிஷலினுக்கு வியட்நாமில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. ஒப்பந்தக் கூலிகளாய் அங்குக் கொண்டுவரப்பட்டோர் அடியும் காய்ச்சலும் பொறுக்கமாட்டாமல், 1930 பிப்ரவரியில் பூ ரியெங் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களை அடக்கப் படை அனுப்பப்பட்டது. குடியானவனுடைய முட்டைக்கு அத்துணை மென்மையான வில்லமைத்த வீட்டார்க்கு, தம் டயருக்குப் பால் எடுத்தவனுடைய முதுகு கண்ணிற்படவில்லை.

2 சி.வி. 1990 வரை செய்யப்பட்டது. அதனைப் புகழ நமக்குத் தடையொன்றுமில்லை. ஆயினும், நாள்தோறும் பால் நிறுக்கும் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணியாகிய நாம், பூ ரியெங்கையும் அதே ஏட்டில் பதிந்துவைக்கிறோம்.