முரணும் முறையும்

புதியது புனைதல் மேதைகளுக்கு மட்டுமே வாய்த்த பிறவி வரம் என நம்மவருள் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் உழைக்கும் மக்களின் சிந்தனைக்கு இட்ட விலங்கு என்பது என் துணிபு.

சோவியத் நாட்டின் காஸ்பியன் கடற்படையில், கண்டுபிடிப்புகளைப் பரிசீலிக்கும் அலுவலில் இருந்தவர் கென்ரிக் அல்ட்ஷுல்லர். கண்டுபிடிப்புக்கு முறையொன்று உண்டா என 1946-இல் அவர் ஆராயத் தொடங்கியபோது வயது இருபதே. 1950-இல் சிறைப்பட்டு, 25 ஆண்டுத் தண்டனை பெற்று, 1954-இல் விடுதலையானார். அவரது முதற் கட்டுரை 1956-இல் வெளிவந்தது.

அவர் கண்டது யாது? சிறந்த கண்டுபிடிப்பு ஒவ்வொன்றும் ஒரு முரணைத் தீர்க்கிறது. தீர்க்கும் உபாயங்களோ சிலவே. அவற்றை நாற்பதாக வகுத்தார். ஒரு பொருள் சூடாகவும் வேண்டும், குளிர்ந்தும் வேண்டும் என்றால், வெதுவெதுப்போடு அமைதி கொள்ளலாகாது. எப்பொழுது சூடு, எவ்விடத்தில் குளிர்ச்சி எனப் பிரித்துக் கேட்டல் வேண்டும்.

இதைப் படித்ததும் பால்மரம் சீவி என்னை வளர்த்த என் தாயாரின் கத்தியே என் நினைவுக்கு வந்தது. பால் வேண்டுமாயின் பட்டையை வெட்ட வேண்டும்; மரம் வாழ வேண்டுமாயின் வெட்டலாகாது. பால் மிகுதியாய் ஊறுவதோ, காயம் படக்கூடாத உயிர்ப்படலத்தை ஒட்டிய பட்டையில்! பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்தினர், மரங்கள் புண்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, 1890-களில் வேறு வழி கண்டார். புதுப் புண் செய்யாது, பழைய கோட்டின் விளிம்பையே மெல்லச் சீவித் திறப்பதே அவ்வழி. சீவுவது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். உயிர்ப்படலத்தின் மேல் மெல்லிய பட்டை எஞ்சும். ஒருநாள் விட்டு ஒருநாள் மரத்துக்கு ஓய்வு. இடத்தாலும் காலத்தாலும் முரண் பிரிந்தது. மங்கும் நிறைந்தது, பட்டையும் மீண்டும் வளர்ந்தது.

ரிட்லி அல்ட்ஷுல்லரை அறியார். முறைக்கு அரை நூற்றாண்டு முன்னரே விடை பிறந்துவிட்டது. இத்தகைய விடைகளைத் திரட்டி, அவற்றுள் மறைந்திருந்த நெறியைக் காட்டியதே அல்ட்ஷுல்லரின் பெருமை.

ஆழப் பட்டால் மரம் கெடும், மேலோடு நின்றால் மங்கு நிறையாது, கூலியும் குறையும். இவ்விரண்டுக்கும் இடையே, விடியுமுன் இருளில், விளக்கொளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்நுண்ணிய தீர்வை நிறைவேற்றிய கைகளைக் 'கூலிக் கைகள்' என்றே உலகம் அழைத்தது. அறிவு என எவரும் அழைக்கவில்லை. அக்கைகளுக்கு உரியோரும் அவ்வாறு எண்ணவில்லை.

அன்பர்களே! தோட்டத்திலாயினும் பட்டறையிலாயினும் இரண்டு தேவைகள் மோதும்போது, 'விதி' என்று ஒதுங்காதீர். 'பாதிக்குப் பாதி' என்றும் பணியாதீர். எங்கே, எப்பொழுது என்று கேளுங்கள். நம் பிள்ளைகளுக்கும் அக்கேள்வியைக் கற்பியுங்கள். கை அறிந்ததை வாய் கேட்கத் தொடங்கும் நாளில், கண்டுபிடிப்பு நம் வீட்டுச் சொத்தாகும்.